பல்லு ஆடுதுன்னு சொன்னேன்

நான் நர்ஸிடம் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, நான் சொல்லவே இல்லை என்று ஆக்கப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், அட்மிஷன் பாரத்தை அட்டையில் வைத்து எழுதிக்கொண்டிருந்த நர்ஸிடம், "சிஸ்டர், எனக்கு மேல முன்பல்லு ரெண்டு ஆடுது" என்று சொன்னேன். வாயைத் திறந்து விரலால் ஆட்டியும் காட்டினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "டீச்சர், ஆபரேஷன் வயித்துலதான். பல்லுல இல்ல."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆரணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்கு நான் டீச்சர். பேர் ஜெயசீலி. என் வீட்டுக்காரர் தேவராஜ் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். எங்களுக்கு அப்போது ஒரே பெண், இரண்டரை வயசு. தொண்ணூறுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், கீழே விழுந்து அழுத பையன் ஒருத்தனைக் குனிந்து தூக்கினேன். அவன் திமிறி எம்பியதில் அவன் மண்டை என் மேல்பல்லில் 'ணங்'கென்று இடித்தது. அன்றிலிருந்து முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. வலப்பக்கத்துப் பல் அதிகம், இடப்பக்கத்துப் பல் கொஞ்சம். வலி இல்லாததால் விட்டுவிட்டேன். முறுக்கு கடிக்கவில்லை, கரும்பு கடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் பித்தப்பைக் கல்லுக்கு. பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பை. அதில் கல் சேர்ந்தால், எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வலது விலாவுக்குக் கீழே கத்தி செருகியது போல வலிக்கும். ஸ்கேனில் மூன்று கல் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். அதன் சொந்தக்காரரே சர்ஜன். எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். "பொங்கல் லீவுல வந்துடுங்க டீச்சர், லீவும் மிச்சம்" என்றார். அவர் கையில் குறை சொல்ல மாட்டேன். வயிற்றை அவர் சுத்தமாகத்தான் அறுத்தார், சுத்தமாகத்தான் தைத்தார். என் கோபம் வேறு.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் வெளியூர்க்காரர். ஒரே நாளில் மூன்று ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். நான் மேஜையில் படுத்துக் கையில் ஊசி ஏற்றின பிறகுதான் அவர் உள்ளே வந்தார். ஹெல்மெட் அழுத்தின முடி அப்படியே தலையில் ஒட்டியிருந்தது.

"காலையில எதுனா சாப்ட்டியாமா?"

"இல்ல சார்."

அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். வாயைத் திற என்று சொல்லவில்லை. எனக்குத்தான் சொல்லத் தோன்றியது. "சார், பல்லு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மருந்து ஏறிவிட்டது.

மயக்கத்தில் என்ன நடக்கும் என்பதை நான் பிற்பாடு வேலூர் ஆஸ்பத்திரியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழு மயக்கத்தில் நாம் தானாக மூச்சு விட மாட்டோம். அதனால் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு, அதன் வழியாகக் காற்றுக் கொடுப்பார்கள். அந்தக் குழாயை விடுவதற்கு, முனையில் விளக்கு வைத்த வளைந்த உலோகத் தகடு ஒன்றை வாய்க்குள் நுழைத்து நாக்கை ஒதுக்கித் தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் அதன் பாரம் முழுக்க மேல் முன்பல்லில் விழும். கெட்டியான பல்லே சில சமயம் உடைந்துபோகும். ஆடுகிற பல் என்ன ஆகும்?

கண் விழித்தபோது வயிறு எரிந்தது, தொண்டை எரிந்தது. நாக்கு தானாக முன்னால் போனது. வலப்பக்கத்துப் பல் இருந்த இடத்தில் உப்புக் கரிக்கிற ஒரு பள்ளம்.

"சிஸ்டர், என் பல்லு எங்க?"

அதே நர்ஸ். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. வெளியே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "நீங்க முழுங்கியிருப்பீங்களாம் டீச்சர். ரெண்டு நாள்ல வெளிய போயிடுமாம். வாழைப்பழம் சாப்பிடச் சொன்னாரு."

அந்த நேரத்தில் ஒரே ஒரு நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. பல்லைக் காணவில்லை என்றால் தேட வேண்டும், கிடைக்கும்வரை தேட வேண்டும், அதுதான் முறையாம். அவர்கள் வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு சீப்பு வாங்கி வந்தார். இரண்டு நாளில்லை, ஐந்து நாள் நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பல் வரவில்லை.

தையல் பிரிக்கும் முன்பே இருமல் ஆரம்பித்துவிட்டது. தைத்த வயிற்றோடு இருமுவது எப்படி இருக்கும் என்று இருமியவர்களுக்குத்தான் தெரியும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுவேன். தையல் பிரிக்கப் போன அன்று பெரிய டாக்டரிடம் நானே கேட்டேன். "சார், அந்தப் பல்லு நெஞ்சுக்குள்ள போயிருக்குமா?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னார். "டீச்சர், நீங்க ஒண்ணாங் கிளாஸுக்குப் பாடம் எடுங்க. டாக்டர் வேலைய நான் பாக்கறேன். வீட்ல தறி ஓடுது இல்ல? தூசிதான்."

தூசி என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து தறியைப் பிரித்துவிட்டார். பாதி நெய்த சேலையை முடித்துக் கொடுத்த கையோடு, ஒவ்வொரு சட்டமாகக் கழற்றித் தோளில் வைத்து, இரண்டு தெரு தள்ளி அவர் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். தறிக்குழியில் மண் கொட்டி மூடி மெழுகினார். "ஏங்க, கொஞ்ச நாள் பாத்துட்டுச் செய்யலாமே" என்றேன். "நீ இருமிகினே இருக்க, நான் நெய்ஞ்சிகினே இருக்கறதா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இடத்துக்குத் தகுந்தபடி, அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு நெய்தார். வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. இருமல் மட்டும் இருந்தது.

சித்திரையில் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் குளிர் எடுக்கும். நாற்றமடிக்கிற சளி வரும். எடை குறைந்தது. ஊரிலேயே வேறொரு டாக்டரிடம் போனோம். சளியை மூன்று நாள் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. எக்ஸ்-ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் மேகம் போல ஒரு நிழல். படம் மங்கல். அந்த நிழலுக்குள்தான் என் பல் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

"டி.பி.யா இருக்கும். சளியில தெரியாத டி.பி.யும் உண்டு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிடுங்க. வீட்ல சின்னக் கொழந்த இருந்தா கொஞ்சம் தள்ளி வைங்க."

இந்த டாக்டரிடம் நான் பல்லைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் என் மேலேயே.

சேத்துப்பட்டிலிருந்து என் அக்கா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. போனால் விட மாட்டேன் என்று தெரியும்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குவேன். சிறுநீர் செம்மண் தண்ணீர் போலப் போகும், குமட்டும், மூட்டு வலிக்கும். இதெல்லாம் இல்லாத வியாதிக்கு. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தபோது தலைமையாசிரியை என்னை வராந்தாவிலேயே நிறுத்திப் பேசினார். "பெற்றோர் கேட்கறாங்க ஜெயா. குணமாகிற வரைக்கும் லீவு போட்டுடேன்." யாரைக் குற்றம் சொல்ல? என் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

சர்ச்சில் நான் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. திருவிருந்து ஞாயிறில் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம். போதகர் வீட்டுக்கு வந்து மென்மையாகத்தான் சொன்னார். "நீங்க கடைசியா வாங்கிக்கங்கம்மா." கடைசி ஆளாக எழுந்து போய் முழங்கால் போட்டேன். பாத்திரம் என் வாயில் பட்டது. நான் எழுவதற்குள் பக்கத்தில் ஒரு ஆள் வந்து முழங்கால் போட்டார். என் வீட்டுக்காரர். முதல் வரிசையிலேயே அவர் போய் வாங்கியிருக்கலாம். காத்திருந்து எனக்குப் பின்னால் வந்தார். நான் குடித்த இடத்தை யாரும் துடைப்பதற்குள் அதே விளிம்பில் குடித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "கத்திரிக்காய் வாங்கவா?" என்றுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துச் சேத்துப்பட்டுக்குப் போவோம். அக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நான் நிற்பேன். குழந்தை அக்கா இடுப்பில் உள்ளே இருப்பாள். முதல் மாதம் கையை நீட்டி அழுதாள். மூன்றாம் மாதம் அழவில்லை. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்திலேயே டி.பி. பெரும்பாலும் தொற்றாது என்று பிற்பாடு வேலூரில் சொன்னார்கள். டி.பி.யே இருந்திருந்தாலும் அத்தனை மாதம் கேட்டுக்கு வெளியே நின்றிருக்க வேண்டியதில்லை. அதையும் எங்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆறு மாத மாத்திரை முடிந்த வாரம் சளியில் ரத்தம் வந்தது. "ஜல்தி கெளம்பு" என்று என் வீட்டுக்காரர் அப்படியே வேலூருக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேறு மொழி பேசினார்கள். எத்தனை தூரத்திலிருந்து வந்தார்களோ. மூன்றாம் நாள் நுரையீரல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். நரைத்த தலை, மெலிந்த ஆள். பழைய படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வலது முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த முன்பல்லு எப்போ போச்சும்மா?"

பத்து மாதத்தில் எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். கேட்டது இவர் ஒருத்தர்.

சொன்னேன். எழுந்துபோய் அவரே பக்கவாட்டில் ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஈரம் காயாத படத்தை எங்களுக்கும் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, வெள்ளையாக, கூம்பு போல. வேரோடு முழுப் பல். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையிடம் காட்டியிருந்தால் அதுவும் பல் என்று சொல்லியிருக்கும்.

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தபடி, "இதுக்கா என் தறியப் பிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

பல்லை எடுக்க மறுபடி மயக்கம். இரும்புக் குழல் ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அதன் வழியே இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். அதைக் கேட்டதும் மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்னப் பெண்தான், முப்பது இருக்காது. "நாளைக்கு உங்களுக்கு மயக்கம் குடுக்கப் போறது நான்தான்" என்று சொல்லிக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். எத்தனை விரல் அகலம் திறக்கிறது என்று பார்த்தார். கழுத்தை மேலே தூக்கச் சொன்னார். பிறகு உறை போட்ட விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு அசைத்துப் பார்த்தார். கட்டின பல் இருக்கிறதா, கழற்றி மாட்டுகிற செட் இருக்கிறதா என்று கேட்டார். இடப்பக்கத்துப் பல்லில் விரல் நின்றது.

"இது ஆடுது. நல்லா ஆடினா முன்னாடியே புடுங்கிடுவோம். இது கொஞ்சம்தான். சுத்தி ஒரு பட்டு நூல் கட்டி, முனைய கன்னத்துல பிளாஸ்டர் போட்டு ஒட்டிடறேன். மேல பல்லுக்கு உறையும் மாட்டறேன். அப்பிடியும் கழண்டுச்சுன்னா நூலோட கைக்கு வந்துடும். உள்ள போவாது."

"நூலா?"

"ஆமாம்மா. தையல் போடற பட்டு நூல். ஒரு சாண் போதும்."

எத்தனை நேரம் ஆகியிருக்கும் அந்த அம்மா என் பல்லைப் பார்க்க? ஐந்து நிமிஷம். என் வீட்டுப் பெட்டியில் ஊரைச் சுற்றிக் கட்டுகிற அளவு பட்டு நூல் கிடந்தது. ஒரு சாண் நூலும் ஐந்து நிமிஷமும் செலவழிக்காமல்தான் என் பத்து மாதத்தைத் தின்றார்கள். அந்தப் பெண் நல்லபடியாகப் பேசப் பேச எனக்கு ஆத்திரம் பொங்கிப் பொங்கி வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டினார்.

மறுநாள் கண் விழித்ததும் நாக்கு முன்னால் போனது. இடப்பக்கத்துப் பல் இருந்தது. கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய பிசுக்கு. எடுத்த பல்லைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பழுப்பேறி, சுண்ணாம்பு பிடித்தது போலிருந்தது. இரண்டு வாரத்தில் காய்ச்சல் போனது. இருமல் தேய்ந்து நின்றது. நுரையீரலின் அந்த மூலை இனி பழையபடி ஆகாது என்றார் டாக்டர். இன்றைக்கும் மாடி ஏறினால் தெரியும்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் நர்சிங் ஹோமுக்குப் போனோம். பெரிய டாக்டர் மேஜையில் பாட்டிலை வைத்தேன். வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவர் கடிதத்தைப் படித்தார். பாட்டிலைத் தொடவில்லை.

"இது உங்க பல்லுன்னு இன்னா நிச்சயம்?"

நான் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். "வச்சுப் பாருங்க சார், பொருந்துதான்னு."

"கத்தாதீங்க டீச்சர். ஏற்கெனவே ஆடிகினு இருந்த பல்லு. அத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். கேஸ் ஷீட்ல அப்பிடி ஒண்ணும் இல்லியே."

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

அந்த நர்ஸ் கதவோரம் டிரேயோடு நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அவள் சொல்வாள் என்று நினைக்கவே இல்லை.

"என்கிட்ட சொன்னாங்க சார். ஆட்டிக் காமிச்சாங்க. நான்தான் எழுதல."

"நீ வெளிய போ" என்றார் டாக்டர். அவள் போனாள். அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது விசாரித்தேன். அவள் அங்கே வேலையில் இல்லை. உண்மை சொன்னவளுக்கு வேலை போனது. மற்ற யாருக்கும் ஒன்றும் போகவில்லை.

"இப்ப உங்களுக்கு இன்னா வேணும்? பணமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "பணம் வேணாங்க. இவளுக்கு டி.பி. இல்லவே இல்ல, பல்லுதான்னு உங்க கையால எழுதிக் குடுங்க. ஸ்கூல்ல காட்டணும், சர்ச்சுல காட்டணும்."

"டி.பி.ன்னு சொன்னது நான் இல்லியே."

அது உண்மைதான். அதுதான் இன்னும் எரிகிறது. ஒவ்வொருத்தரும் தன் பங்குக்குச் சின்னதாக ஒன்று செய்தார்கள். யாரைப் பிடித்து உலுக்கினாலும் மிச்சம் இன்னொருத்தர் கையில் இருந்தது.

வெளியே வந்தேன். நர்ஸ் மேஜையில் எழுதாத அட்மிஷன் பாரங்கள் கட்டாக இருந்தன. பேனாவை எடுத்தேன். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி முத்து முத்தாக, 'ஆடும் பல் உண்டா? கட்டிய பல் உண்டா?' என்று முதல் பாரத்தின் தலையில் எழுதினேன். இரண்டாவதில் எழுதினேன். மூன்றாவதில் எழுதினேன். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பத்துப் பாரமாவது எழுதியிருப்பேன். கம்பவுண்டர் ஓடிவந்து பிடுங்கினார். "இன்னா டீச்சர் இது, பேஜார் பண்ணிகினு" என்றார். மிச்சத்தை நீங்க எழுதுங்க என்று பேனாவை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

வேலூர்க் கடிதத்தை வைத்தே பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்தேன். போதகர் அதைச் சபையில் வாசித்தார். அடுத்த ஞாயிறு என் பெஞ்சில் இடமில்லை, அத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் யாருக்கும் நகர்ந்து இடம் விடவில்லை.

அதே வாரம் அக்கா குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். மூன்று வயசு தாண்டியிருந்தது. உயரமாகியிருந்தாள். அக்காவை அம்மா என்றாள். என்னை ஆரணி அம்மா என்றாள். அது போகட்டும், மாறிவிடும் என்று நினைத்தேன். அக்கா பஸ் ஏறின பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எட்டு மாதத்துக்குப் பிறகு என் கைக்கெட்டும் தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் எனக்குப் புரையேறியது. இரண்டு தடவை இருமினேன், அவ்வளவுதான்.

அவள் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை, பயப்படவில்லை. வாசற்படியில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாவாடையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். நான் இருமி முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்து, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.